பிடிப்பதும் விடுவதும்

1974ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு சிறிய கடைத்தெருவில் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. கடை என்று பெயர்தான். அந்த ஆண்டில் தட்டுகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. அரிசிக்கும் மாவுக்கும் கூப்பன். கூப்பன் இருந்தும் சரக்கு வராத கிழமைகள் உண்டு. மலையகத் தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்த காலம் அது. என்னோடு படித்த லயத்துப் பையன் ஒருவன் மண்புழு கோத்த தூண்டிலால் ஆக்ரா ஓயாவில் ஒரு ட்ரவுட் மீனைப் பிடித்தான். வாச்சரிடம் அகப்பட்டுக்கொண்டான். மீன் பறிபோனது. அவனுடைய அப்பாவுக்கு மூன்று நாள் பேர் போடவில்லை.

எந்தத் தோட்டம் என்பது இங்கு வேண்டாம். இதை நான் ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். கனடாவிலிருந்து வந்த என் மருமகன்தான் கிளறிவிட்டான்.

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தவனை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துப் போனேன். எல்லோரும் உலக முடிவைப் பார்க்க ஓட, அவன் பெலிஹுல் ஓயாவின் பாலத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, ரெயின்போ ட்ரவுட்!" என்று கூவினான். பிறகு கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டினான். ஒன்டாரியோ ஆறுகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, குழந்தையைப் போல் இரு கைகளிலும் ஏந்திய மீன்கள். இதே வானவில் ட்ரவுட்தான். ஆற்றில் பிறந்து கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பி வந்தால் அதற்கு ஸ்டீல்ஹெட் என்று பெயராம். சால்மனும் பிடிப்பானாம். நமது கடைகளில் 'செமன் டின்' என்று விற்பதில் பெரும்பாலும் சால்மன் இருப்பதே இல்லை என்று சொல்லிச் சிரித்தான்.

"இவ்வளவையும் என்னடா செய்தாய்?" என்றேன்.

"நான் கொல்றதில்ல மாமா. புடிச்சி விட்டுடுவேன்."

அவன் சொன்ன ஒழுங்குவிதிகளைக் கேட்டபோது முதலில் மரியாதைதான் வந்தது. அனுமதிச் சீட்டில் இரண்டு வகை உண்டு. குறைவாகவே எடுப்பேன் என்பவனுக்குக் கட்டணமும் குறைவு. முட்டையிடும் காலத்தில் பல ஆறுகள் மூடப்படும். தூண்டில் முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிட வேண்டும், கழற்றும்போது வாய் கிழியாது. மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். வெயில் ஏறித் தண்ணீர் சூடாகிவிட்டால் தூண்டில் போடுவதே கூடாது. மூச்சுக்குத் திணறும் மீன் விட்டாலும் பிழைக்காது. புழுவைத் தவிர்த்து, இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயை உபயோகிப்பதற்கும் காரணம் வைத்திருந்தான். புழுவை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டையில் இறங்கும். பொய் ஈ உதட்டிலேயே மாட்டும். பலவானைப் பலவீனனுக்காக இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிப்போடும் விதிகள் வேறு விளையாட்டுகளில் உண்டோ என்னவோ.

நான் அவனுக்கு 1974ஐச் சொன்னேன். புழுவால் பிடித்தவன் குற்றவாளியானதைச் சொன்னேன்.

இந்த மீன் நம்முடையதல்ல. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியிருந்து இந்தச் சமவெளிகளில் நாய்களோடு மரைகளைத் துரத்தியதைத் தானே எழுதி 1854இல் நூலாக வெளியிட்டார். யானை வேட்டையும் மரை வேட்டையும் அலுத்த தலைமுறைக்குப் பின்வந்த துரைமார், தங்கள் நாட்டு ஓடைகளின் ஞாபகத்தில் 1880களில் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் வானவில் ட்ரவுட்டும் வந்தது. நுவரெலியாவில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து ஓடைகளில் விட்டார்கள். பழுப்பு ட்ரவுட் நிலைக்கவில்லை. வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளியில் தானே பெருகிக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து நீலகிரிக்கும் அதைக் கொண்டு போனார்கள். மனிதர்களை அங்கிருந்து இங்கே கூட்டி வந்த அதே கடல் வழியாக மீன் இங்கிருந்து அங்கே போனது. மீனை அங்கு யாரும் குடியுரிமை கேட்கவில்லை. இங்கு வந்த மனிதர்களிடம் 1948இல் கேட்டார்கள்.

ஆகவே லயத்துப் பையன் மீறிய ஒழுங்கு, துரைமார் தமது பொழுதுபோக்குக்காக வளர்த்த மீனின் ஒழுங்கு. மீனைக் காப்பாற்றியது அதில் ஒரு பகுதிதான். யார் பிடிக்கலாம், எதற்காகப் பிடிக்கலாம் என்பதே அதன் உயிர். பசிக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்ட ஒரு காட்சி ஹதீஸ் நூல்களில் வருகிறது. குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பதை அவர் எடுத்துச் சொன்னார். பலமுறை கேட்ட செய்திதான். அதில் ஒரு சிறு விபரத்தை நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். குறி தவறிய அம்புகளெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்று அவர்களுக்குள் ஒப்பந்தம் இருந்தது. அந்த விளையாட்டிலும் விதி இருந்தது, கொடுக்கல் வாங்கலில் நேர்மை இருந்தது. விளையாடியவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. பறவைதான் ஒப்பந்தத்தில் சேரவில்லை.

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் விடவில்லை. "அங்க பறவை செத்துடும் மாமா. என்ட மீன் நீந்திப் போகுதே."

நீந்திப் போகிறது, ஆனால் எந்த நிலையில்? 2003இல் ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் நிறுவனத்தில் லின் ஸ்னெடன் என்பவரும் சகாக்களும் இதே வானவில் ட்ரவுட்டின் உதட்டில் தேனீயின் நஞ்சையும் அசற்றிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். அமிலம் ஏற்றிய மீன்கள் தொட்டியின் சரளைக் கற்களில் உதட்டைத் தேய்த்தன. நஞ்சு ஏறியவையும் அமிலம் ஏறியவையும் அடியில் கிடந்து பக்கவாட்டில் ஆடின. ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரையெடுக்கவில்லை. மீனின் மூளை அமைப்பில் வலியை உணர இடமில்லை என்று மறுக்கும் அறிஞர்களும் உண்டு. தர்க்கம் தீரவில்லை. எனக்கு அந்தச் சரளைக் கற்கள் போதுமாயிருந்தன. சுவிட்சர்லாந்து 2008இல் கொண்டுவந்த மிருகப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, விட்டுவிடும் நோக்கத்துடன் மீன் பிடிப்பதையே தடைசெய்தது. உண்பதற்கானால் பிடி, அல்லது தண்ணீரோடு விட்டுவிடு என்பது அதன் சாரம். நாம் இரக்கம் என்று நினைத்ததை அவர்கள் கொடுமையின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

அல்அஃராஃப் அத்தியாயத்தில் சனிக்கிழமைக்காரர்களின் கதை வருகிறதல்லவா, அதுவும் மீன்பிடி ஒழுங்குவிதியின் கதைதான். சனிக்கிழமை பிடிக்கக் கூடாது. அன்றுதான் மீன்கள் கண்முன்னே திரண்டு வரும். தஃப்ஸீர்காரர்கள் சொல்வதன்படி அவர்கள் வெள்ளியன்றே வலையை விரித்துவிட்டு ஞாயிறன்று போய் எடுத்தார்கள். சனிக்கிழமை எவன் கையும் மீனில் படவில்லை. கொல்லாதே என்பதைச் சொல்லளவில் நிறைவேற்றிவிட்டு, கொல்வதன் சுவையை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி பிடித்து விடுவதிலும் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. மருமகன் நல்ல பிள்ளை. அவனை அந்த ஊராருடன் சேர்க்க மனம் வரவில்லை. ஆனாலும் தோன்றியதை மறைப்பதற்கில்லை.

அந்தக் கதையில் மீறியவர்களும் தடுத்தவர்களும் தவிர, இவர்களுக்கு ஏன் உபதேசம் என்று கேட்டவர்களும் உண்டு. பத்து வயதில் குர்ஆன் மதரஸாவில் இதைக் கேட்டபோது நான் தடுத்தவர்களின் பக்கம் நின்றேன். அதனால்தான் வாச்சர் கடைக்கு வந்து, "ஓயாப் பக்கம் யார் போனது தம்பி?" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லாத பிள்ளை என்ற பெயர் எனக்கு இருந்தது. ஐம்பது வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. பாலத்தில் வைத்து மருமகனிடமும் இந்தப் பகுதியைச் சொல்லவில்லை.

அவனுடைய பக்கத்திலும் நியாயம் உண்டு. "எல்லாரும் புடிச்சித் தின்னா ஆத்துல என்ன மாமா மிஞ்சும்? நாங்க கட்டுற லைசன் காசுலதான் ஆத்தப் பாக்குறாங்க" என்றான். உண்மைதான். பசியின் பெயரால் ஓயாக்களில் வெடி போட்டவர்களையும் நஞ்சு கலந்தவர்களையும் நான் அறிவேன். அவர்கள் எல்லோரும் பசித்தவர்களுமல்ல. தேவை ஒன்று மட்டும் அளவாகிவிட்டால், யாருடைய தேவை, எவ்வளவு என்று எவர் அளப்பது? ஒரு முழு ஆறு பிழைப்பதற்காக ஒரு மீனின் உதட்டு வலியைப் பொறுக்கலாமா என்பதற்கு என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது. பொறுக்கலாம் என்றால், அந்த வலியை மகிழ்ச்சி என்று படமெடுத்துக்கொள்வதாவது கூச்சத்தோடு நடக்கட்டும்.

அதைவிட, நம்மைப் பற்றியும் கேட்க இருக்கிறது. ஆட்டுக்கும் கோழிக்கும் நம்மிடம் எத்தனை பேணுதல்! கத்தி கூராயிருக்க வேண்டும், பிராணியின் கண்முன்னே தீட்டக் கூடாது, ஒன்றின் முன் மற்றதை அறுக்கக் கூடாது. மீனுக்கு அறுப்பு இல்லை என்றதும் பேணுதலும் இல்லை என்று எடுத்துக்கொண்டோம். கூடையில் வாய் திறந்து மூடித் துடிப்பதைக் காட்டித்தான் சந்தையில் விற்கிறார்கள். துடிக்கிறதா என்று பார்த்துத்தான் நானும் வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் இஹ்ஸான் விதியாக்கப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸில் மீன் விலக்கப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. கையை நனைத்துத் தொடுகிற மருமகன் அந்த அளவில் என்னைவிட மேல்.

பாலத்தின் கீழே ட்ரவுட் கண்ணுக்குத் தெரியாத எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் ஒரு சிறிய இறால் வாழ்கிறது. கரிடினா சிங்ஹலென்சிஸ் என்று பெயர். உலகில் வேறெங்கும் இல்லை. வந்தேறிய ட்ரவுட் அதைத் தின்று அருக்கிவிடுமோ என்பது ஆய்வாளர்களின் கவலை. 1988இல் தேசிய பூங்காவாகிய அந்த நிலத்தில் இன்று பிடிக்கவும் கூடாது, கொல்லவும் கூடாது. ட்ரவுட்டுக்காக ஒரு நூற்றாண்டாக அளவும் பருவமும் வகுத்தவர்களில் இறாலை நினைத்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். அழகாகப் பாய்ந்து தூண்டிலோடு போராடுகிற மீனுக்குக் கிடைக்கும் இரக்கம் இறாலுக்குக் கிடைப்பதில்லை. லயத்துப் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை.

இறங்கி வரும் வழியில், பட்டிப்பொலயில் தேநீர் குடிக்கும்போது மருமகன் கேட்டான்: "அந்தப் பொடியன்ட மீன் என்னாச்சு மாமா?"

அன்று மாலை வாச்சர் கடைக்கு வந்தார். ஒரு சிறு பொட்டலம் மிளகாய்த்தூளும் ஒரு தேசிக்காயும் கடனுக்குக் கேட்டார். வாப்பா கொடுத்துவிட்டுக் கொப்பியில் எழுதினார்.