பிறர் வசம் இருக்கும் ஞாபகம்

சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு பாரிஸ் போன்ற ஒரு நகரத்துக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்பவர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: 'இந்த வயசில் போய் அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது?' சொல்பவர் கரிசனத்தோடுதான் சொல்கிறார். செலவு, அலைச்சல், சாப்பாட்டுத் தகராறு எல்லாம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகின்றன. ஆனால் இதற்குள் அனுபவம் பற்றிய ஒரு கொள்கையும் ஒளிந்திருக்கிறது. எது பின்னால் ஞாபகத்துக்கு வராதோ அது நிகழ்ந்தும் நிகழாத மாதிரிதான் என்பது அந்தக் கொள்கை. கரிசனத்தை ஏற்றுக்கொள்ளலாம். கொள்கையை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

தகவல் அளவில் கேள்வி நியாயமானதுதான். பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய ஞாபகம் என்று ஒன்று இருப்பதில்லை. இந்த வெற்றிடத்தை ஒரு பிரச்னையாகக் கண்டு 1905ல் 'சிசுப்பருவ மறதி' என்ற பொருளில் பெயர் வைத்தவர் ஃப்ராய்ட். அதற்கு இருபது வருஷங்களுக்கு முன், 1885 அக்டோபரில், 29 வயது இளைஞராக அவர் பாரிஸுக்கு வந்து சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோவிடம் சில மாதங்கள் பாடம் கேட்டார். ஆரம்ப வருஷங்கள் அழிவதில்லை, அடக்கப்படுகின்றன என்பது அவர் கட்சி. அடக்குமுறை பற்றிய அவருடைய விளக்கத்தை இன்றைய மூளை ஆராய்ச்சி அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் சிசுக்களின் மூளையும் நிகழ்ச்சிகளைப் பதிக்கத்தான் செய்கிறது, பின்னால் அதை எடுக்கும் வழிதான் நமக்கு இல்லாமல் போகிறது என்ற திசையில் அண்மைக்கால ஆய்வுகள் செல்கின்றன. ஆக நம் ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் முதல் மூன்று வருஷங்கள் நம் கைக்கு எட்டாத ஒரு பிரதேசம்.

இருக்கட்டும். எட்டாதது வீண் என்று ஆகிவிடுமா? பாரிஸின் வட பக்கம், கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி, லா ஷப்பேல் என்ற பகுதி இருக்கிறது. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களின் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கைக்குழந்தையோடு அகதியாக வந்த ஒரு தாயிடம் 'இதற்கு ஞாபகமா இருக்கப்போகிறது, ஏன் தூக்கிக்கொண்டு வந்தாய்?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவசியத்தினால் நேரும் பயணத்திடம் ஞாபகத்தை யாரும் கணக்குக் கேட்பதில்லை. தடுப்பூசி போட்ட வலி ஞாபகம் இருக்காது என்பதால் அழும் குழந்தையை யாரும் தேற்றாமல் விடுவதில்லை. சந்தோஷத்திடம் மட்டும்தான் நாம் ரசீது கேட்கிறோம். அனுபவத்தை வங்கியில் போட்ட தொகையாகப் பார்க்கும் மத்தியதர வர்க்க மனோபாவம் இது. பின்னால் வட்டியோடு எடுக்க முடியாததைச் செலவு என்ற பக்கத்தில் எழுதிவிடுகிறது.

இந்த மனோபாவத்துக்குப் பெரிய நகரம் ஒத்துழைக்கிறது. ஐரோப்பியத் தலைநகரம் என்பதே ஞாபகத்தைக் கட்டாயப்படுத்தும் ஒரு ஏற்பாடு. தூண், வளைவு, சிலை, தெருப்பெயர் எல்லாம் 'என்னை நினைவில் வை' என்கின்றன. போகிற பெரியவர் ஒரு கடனாளியின் மனநிலையில் போகிறார். லூவர், நோத்ர் தாம், 330 மீட்டர் இரும்புக் கோபுரம் என்று பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறார். குழந்தை யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. 1793ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட லூவரில் 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மோனாலிஸாவுக்கு முன்னால், ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தை பார்ப்பது கால்களையும் பைகளையும்தான். அதற்கு அங்கே முக்கியமான வஸ்து தரை. பளபளப்பாக, வழுக்கிக்கொண்டு போக ஏற்ற தரை.

இதை வைத்துக் குழந்தையை ஞானியாக்கும் ஆசை எனக்கு இல்லை. நம்மிடையே அந்த வியாபாரம் நிறையவே நடந்திருக்கிறது. குழந்தையின் பார்வை பரிசுத்தமானது, அது கவிஞனின் பார்வை என்பதெல்லாம் குழந்தையோடு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றாதவர்கள் எழுதுவது. பாரிஸில் குழந்தைக்குத் தூக்கம் வரும், மூத்திரம் வரும், புது ரொட்டி பிடிக்காது. 1900ல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் பழைய நிலையங்களில் பெரும்பாலும் படிக்கட்டுதான். தள்ளுவண்டியோடு தாய் கீழே நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் பேசாமல் முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நகரத்தின் நாகரிகத்தைப் பற்றி அந்தத் தாய்க்கு அருங்காட்சியகம் சொல்லாததை அது சொல்லிவிடும். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

குழந்தை விழித்திருக்கும்போது அதற்கென்று பாரிஸில் இடங்கள் உண்டு. லக்ஸம்பூர் தோட்டத்தின் நடுவில் எண்கோண வடிவில் ஒரு நீர்த்தொட்டி. அங்கே பாய்மரம் கட்டிய சிறு மரப்படகுகள் வாடகைக்குக் கிடைக்கும். கையில் ஒரு நீளக் குச்சி. படகைக் குச்சியால் தள்ளிவிட்டால் காற்று இழுத்த பக்கம் போகும். குழந்தை மறுகரைக்கு ஓடிப் போய்க் காத்திருந்து திரும்பத் தள்ளும். இவ்வளவுதான் விளையாட்டு. படகு குழந்தையுடையதல்ல, திசை காற்றுடையது, முடிவு என்று ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

அங்கிருந்து சில நிமிட நடைதூரத்தில் பாந்தியன். அதன் நிலவறையில் ரூஸோவின் எலும்புகள் 1794 முதல் இருக்கின்றன. குழந்தையின் நிகழ்காலத்துக்காக ஐரோப்பாவில் முதலில் உரக்கப் பேசியவர்களில் அவர் ஒருவர். நிச்சயமற்ற ஒரு எதிர்காலத்துக்காகக் குழந்தையின் இன்றைய நாளைப் பலி கொடுப்பது காட்டுமிராண்டித்தனம் என்பது 1762ல் வெளிவந்த 'எமீல்' நூலின் ஆதாரமான வாதம். பாரிஸ் பாராளுமன்றம் அதே வருஷம் அந்தப் புத்தகத்தை எரிக்கச் சொன்னது. 'ஞாபகம் இருக்காது' என்ற ஆட்சேபணைக்கு ரூஸோவிடம் தயாராகப் பதில் இருக்கிறது: படகு தள்ளிய அந்த ஒரு மணி நேரம் அதனளவில் பூர்த்தியானது. பின்னால் வரப்போகிற நாற்பது வயது மனிதனின் சம்மதம் அதற்குத் தேவையில்லை.

கட்டுரையை இங்கே முடித்துக்கொள்ளலாம். பயணத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் ரூஸோ தம் ஐந்து குழந்தைகளையும் பிறந்த உடனேயே பாரிஸின் அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பினவர். அவரே எழுதி ஒப்புக்கொண்ட விஷயம் இது. பிறந்த தேதிகளைக்கூட அவர் குறித்து வைக்கவில்லை. பிற்பாடு முதல் குழந்தையைத் தேடும் முயற்சி நடந்தது, பயன் இல்லை. அவை என்ன பெயரில் வளர்ந்தன, வளர்ந்தனவா என்பதே தெரியாமல் போயிற்று. ரூஸோவை மடக்குவதற்காக இதை எடுக்கவில்லை. அந்த வேலை அவர் உயிரோடிருந்தபோதே வால்டேர் செய்து முடித்துவிட்டார். குழந்தையின் நிகழ்காலம் என்பது அது தன்னந்தனியாக அனுபவித்து முடிக்கிற ஒன்று என்று வைத்துக்கொண்டால், பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆள் தேவையில்லாமல் போகிறான். ரூஸோவின் சித்தாந்தத்தில் இருக்கும் ஓட்டை அவர் வாழ்க்கையில் ஐந்து தடவை தெரிந்தது என்று எனக்குப் படுகிறது.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள, நதியைத் தாண்டி மூன்றாவது வட்டத்துக்குப் போக வேண்டும். தாம்ப்ள் சதுக்கம் என்று ஒரு சிறு பூங்கா. 1857ல் அமைக்கப்பட்டது. 2017 முதல் எலீ வீஸல் பெயரும் சேர்ந்திருக்கிறது. வாத்து நீந்தும் குளம், இரும்பாலான வாத்திய மண்டபம், சறுக்குமரம். பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதற்குத் தோதான இடம். முன்பு அந்தப் பக்கத்தில் நின்ற கோட்டையில்தான் பதினாறாம் லூயியின் குடும்பம் 1792ல் சிறை வைக்கப்பட்டது. தந்தையும் தாயும் தலை வெட்டப்பட்ட பிறகு, அவர்களுடைய மகன் 1795 ஜூனில் பத்து வயதில் அங்கேயே செத்தான். அவனை உலகம் மறக்கவில்லை. அந்த இளவரசன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு பின்னால் டஜன் கணக்கில் ஆட்கள் வந்தார்கள்.

அதே பூங்காவில் 2007ல் வைத்த ஒரு பலகையில் 85 பெயர்கள் இருக்கின்றன. பெயருக்குப் பக்கத்தில் வயது. சில மாதங்களிலிருந்து ஆறுக்குள். அந்த வட்டத்தில் வசித்து, யூதர்களாகப் பிறந்த காரணத்தால் 1942க்கும் 1944க்கும் இடையில் பிரெஞ்சுப் போலீஸாரால் பிடிக்கப்பட்டு ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட குழந்தைகள். பெரிய பிள்ளைகளுக்குப் பாரிஸில் அவரவர் படித்த பள்ளிக்கூடச் சுவரில் பலகை உண்டு. இவர்கள் எந்தப் பள்ளியிலும் சேரும் வயதை எட்டாதவர்கள். அதனால் பூங்காவில் வைத்தார்கள்.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் மட்டும் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் பிடிக்கப்பட்டவர்கள் 13,000 பேர். அவர்களில் 4,115 பேர் குழந்தைகள். குடும்பங்களைச் சைக்கிள் பந்தய மைதானம் ஒன்றில் அடைத்து, பிறகு பித்திவியே, போன்-லா-ரோலாந்த் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அங்கே பெற்றோரை முதலில் பிரித்துக் கிழக்கே ரயிலேற்றிவிட்டார்கள். குழந்தைகள் தனியாக பாரிஸை ஒட்டிய த்ரான்ஸி முகாமுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த முகாமில் இருந்து ஆஷ்விட்ஸ் போய் உயிர் மீண்ட ஜார்ஜ் வெல்லெர்ஸ், 1961ல் ஜெருசலேமில் நடந்த ஐக்மன் வழக்கில் சாட்சி சொன்னார். தம் பெயரைச் சொல்லத் தெரியாத குழந்தைகள் அவற்றில் இருந்தன என்றார்.

இந்த ஒரு தகவலை ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தன் பெயர் தெரியாதது சகஜம். அதன் பெயர் அதனிடம் இருப்பதில்லை, அதைக் கூப்பிடுகிறவர்களிடம் இருக்கிறது. எப்போது பிறந்தது, எதற்குச் சிரித்தது, எந்தப் படிக்கட்டில் விழுந்தது என்பதெல்லாம் வேறு ஒருவர் வசம் இருக்கிறது. நம் எல்லோருடைய முதல் மூன்று வருஷங்களும் இப்படிப் பிறர் வசம் ஒப்படைக்கப்பட்டவைதான். நாம் அங்கே இருந்தோம் என்பதற்கு நமக்கு உள்ள ஒரே அத்தாட்சி அவர்களுடைய சொல். த்ரான்ஸியில் நடந்தது கொலைக்கு முன்னாலேயே தொடங்கிவிட்ட வேறு ஒரு கொலை. முதலில் ஞாபகத்தை வைத்திருந்தவர்களைக் கொண்டுபோனார்கள். எஞ்சிய குழந்தைகளுக்கு அதனால் இறந்தகாலம் இல்லாமல் ஆயிற்று. பிறகு ஸெர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் போன்றவர்கள் வருஷக்கணக்காக ரயில் பட்டியல்களிலிருந்து பெயர்களையும், கிடைத்த இடத்திலிருந்து புகைப்படங்களையும் சேகரித்து, 1978லும் 1994லும் புத்தகங்களாகக் கொண்டுவந்தார்கள். தாய் தகப்பன் செய்ய வேண்டிய வேலையை அந்நியர்கள் செய்தார்கள்.

ஆகவே 'அதற்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது' என்ற கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது. குழந்தைக்கு மறக்கும் உரிமை உண்டு. அதன் ஆரோக்கியமே அதில்தான் இருக்கிறது. ஞாபகம் வைத்திருக்க வேண்டியவர் கூடப் போகிறவர். நகரத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட முடியும் என்ற எண்ணத்தோடு போகிற தகப்பன் ஏமாந்துதான் திரும்புவான். அந்த நகரத்தில் அந்த வயதில் அந்தக் குழந்தை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக இருப்பது மட்டும் அவனால் முடியும். அதற்கு அவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைபேசியில் ஐநூறு படம் எடுப்பது சாட்சி சொல்வதாகாது. படம் எடுக்கிறவன் பார்க்கிற பொறுப்பைக் கருவியிடம் தள்ளிவிடுகிறான். நாளைக்குக் குழந்தை கேட்கும்போது அவனிடம் படம் இருக்கும், விஷயம் இருக்காது.

இதற்குப் பாரிஸ் எதற்கு, வீட்டு வாசல் போதாதா என்று கேட்கலாம். போதும். வசதி இல்லாதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. ஆனால் போகிறவர்களுக்கு அந்த ஊர் ஒரு காரியம் செய்கிறது. பழக்கப்பட்ட தெருவில் நாம் குழந்தையைக் கவனிப்பதில்லை. மொழி தெரியாத ஊரில் பெரியவரும் பாதி ஊமையாகி, குழந்தையின் உயரத்துக்கு ஓரளவு இறங்குகிறார்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை சறுக்குமரத்திலிருந்து இறங்கி வந்து அந்தப் பலகையில் எண்களைப் பார்க்கிறது. எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே. தன் வயது அங்கே எழுதியிருக்கிறது. 'இது என்ன?' என்று கேட்கிறது. பொய் சொல்லலாம், விளக்கமாகச் சொல்லிப் பயமுறுத்தலாம். இரண்டுமே பெரியவர் தம் சுமையை இறக்கி வைக்கும் வழிகள்தான். 'இங்கே இருந்த குழந்தைகளுடைய பெயர்' என்று சொன்னால் அது உண்மை, அந்த வயதுக்குப் போதுமான உண்மை. மீதியைச் சொல்ல வேண்டிய ஒரு வயது வரும். அதுவரை அதைப் பெரியவர்தான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். 85 பெயர்களையும் படிக்கச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தை அதற்குள் மறுபடியும் சறுக்குமரத்துக்குப் போயிருக்கும்.