யார் கை?

"என்னாடா இது, கையில போயி உக்காரச் சொல்றானுவளா? அதுக்கு வலிக்காதா?"

அந்தப் படத்தைக் காட்டியதும் என் அத்தை கேட்டது இதைத்தான். மரத்தில் செதுக்கிய பெரிய மனிதக் கை ஒன்று. உள்ளங்கைதான் உட்காரும் இடம். விரல்கள் முதுகுக்குச் சாய்மானம். உலகம் முழுக்கப் பணக்கார வீடுகளிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கிற நாற்காலி. அத்தை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர். கை என்றால் வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எந்தக் கலை விமர்சகனும் கேட்காத கேள்வி அது என்று எனக்குப் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கிறேன்.

நாற்காலியைக் கற்பனை செய்தவர் பெத்ரோ ஃப்ரீடெபெர்க். 1936இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஜெர்மன் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஐரோப்பா யூதர்களைத் துரத்திய காலத்தில் குழந்தையாக மெக்சிகோ வந்து சேர்ந்தார். அப்போது மெக்சிகோ சர்ரியலிஸ்டுகளின் புகலிடமாகவும் இருந்தது. 1938இல் ஆந்த்ரே பிரெத்தோன் அங்கே வந்து போனார். போருக்குத் தப்பி ரெமேடியோஸ் வாரோ, லியோனோரா காரிங்டன் போன்ற ஓவியர்கள் வந்து தங்கினார்கள். ஒழுங்கு, அறிவு, நாகரிகம் என்று பேசிக்கொண்டே உலகப் போரையும் நடத்திய ஒரு சமூகத்துக்கு எதிராகக் கனவையும் கிறுக்குத்தனத்தையும் நிறுத்திய கலகம்தான் சர்ரியலிசம். ஃப்ரீடெபெர்க் கட்டிடக்கலை படித்தார். பயன்பாடுதான் அழகு என்று வாத்தியார்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். இவரோ கட்டவே முடியாத கட்டிடங்களை வரைந்தார். 1961இல் மத்தியாஸ் கோயரிட்ஸ் என்ற கலைஞரோடு சேர்ந்து 'சலித்துப்போனவர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்ட குழுவில் இருந்தார். நவீனக் கலையின் வறட்டுத்தனத்தைக் கேலி செய்ய வந்த குழு அது.

1962இல் அந்தக் கை பிறந்தது. கோயரிட்ஸ் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. தன்னிடம் வேலை பார்த்த தச்சருக்கு ஏதாவது வேலை கொடுக்கும்படி ஃப்ரீடெபெர்க்கிடம் சொல்லிவிட்டுப் போனார். ஃப்ரீடெபெர்க் அந்தத் தச்சரிடம் முதலில் ஒரு கை செதுக்கச் சொன்னார். பிறகு அதைப் பெரிதாக்கி, உட்காருகிற மாதிரி செய்யச் சொன்னார். தச்சரின் பெயர் ஹோசே கோன்சாலெஸ். ஃப்ரீடெபெர்க்கே சொன்ன கதை இது. அதனால்தான் அந்தப் பெயராவது நமக்குக் கிடைத்தது. ஆனால் அந்த நாற்காலி உலகத்துக்கு ஃப்ரீடெபெர்க்கின் கையாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இதில் என்ன தப்பு? யோசித்தவருக்குப் பேர், செதுக்கியவருக்குக் கூலி. உலகம் பூரா அப்படித்தானே நடக்கிறது? நண்பர்கள் இப்படிக் கேட்கிறார்கள். யோசிப்பதும் உழைப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஃப்ரீடெபெர்க்கைக் கூண்டில் ஏற்றுவதும் என் நோக்கமில்லை. தலை வேறு, கை வேறு என்று பிரித்து வைத்த ஏற்பாட்டைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. மெக்சிகோவில் அது வர்க்கமாகவும் நிறமாகவும் இருக்கிறது. இங்கே அது சாதியாக, சாஸ்திரமாகவே இருக்கிறது. புருஷ சூக்தம் முகத்தைப் பிராமணனாக்கியது, தோளைச் சத்திரியனாக்கியது. அந்தத் தோளும் வாள் பிடிக்கிற தோள்தான், வேலை செய்கிற கை அல்ல. நமக்கு அந்த உடம்பில் இடமே இல்லை. ஃப்ரீடெபெர்க் பிறந்த அதே 1936இல்தான் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்துப் போட்டது என்று அதில் காட்டினார்.

நம் பேச்சிலேயே இது ஊறிக் கிடக்கிறது. கைத்தொழில் என்றால் மட்டம். கைக்கூலி என்றால் வசவு. கைநாட்டு என்றால் முட்டாள். என் கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா வைத்தது கைநாட்டுதான். ஆயிரம் வேலை தெரிந்த கை, தன் அடையாளத்தைக் காகிதத்தில் பதித்தால் அது அறிவில்லாததற்குச் சான்றாகிவிடுகிறது.

என் தாத்தா பறை கட்டுவார். மூன்று மரத்துண்டுகளை வளைவாக இழைத்து, இரும்புத் தகடு அடித்து வட்டமாகச் சேர்ப்பார். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைத் தடவி, பதப்படுத்திய கன்றுத்தோலை இழுத்து ஒட்டிக் காய வைப்பார். எங்கே எவ்வளவு இழுத்தால் எந்தச் சத்தம் வரும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். இதற்கு வடிவமைப்பு என்று பெயர் உண்டு என்பதைப் பட்டணத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். ஊரில் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு.

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் இருக்கிறது. வாகை, வேம்பு, மாவிலங்கம் என்று மரத்தில் சாமி செதுக்குகிற ஊர். ஒரு நாள் அங்கே ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். வயதான சிற்பி ஒருவர் கொட்டாப்புளியால் உளியைத் தட்டிக்கொண்டே பேசினார். "கண்ணு தொறக்கிற வரைக்கும் இது எம் புள்ள தம்பி. கண்ணத் தொறந்து கோயிலுக்குள்ள போயிட்டா நான் தொடக்கூடாது. வெளிய நின்னு கும்புடுறதுதான்." அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை, வழக்கம் என்று சொன்னார். அவர் எங்கள் சாதி அல்ல. எங்கள் தெருவுக்குள் வந்து தண்ணி குடிப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டு, கம்மாணச்சேரி, பறைச்சேரி என்று தனித்தனியாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. கைகளுக்குள்ளேயும் மேல் கை, கீழ் கை உண்டு. அதை மறைத்துவிட்டு உழைப்பாளிகள் எல்லாரும் ஒன்று என்று எழுத என்னால் முடியாது. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஊருக்குப் பேர் கிடைத்தது. கைக்கு?

பட்டறையிலிருந்து திரும்பும்போது நாற்காலிதான் மனசில் ஓடியது. ஒருவனுக்கு நாற்காலி என்பது விளையாட்டு. கையாகச் செய்யலாம், காலாகச் செய்யலாம். நமக்கு அது இன்னும் உயிர் சம்பந்தப்பட்ட பொருள். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், அந்த நாற்காலியில் உட்காரத் துணிந்ததற்காக 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இருந்த தலித்துகளும் கொல்லப்பட்டார்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு படம் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைச் செய்கிற கைக்கும் அதில் உட்காருகிற உடம்புக்கும் நடுவே இந்த நாட்டில் இவ்வளவு தூரம்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் நாலு வருசத்துக்கு முன்னால் அத்தையின் சுரங்க வாழ்க்கையை எழுதி ஒரு பத்திரிகையில் போட்டேன். கல் தெறித்துக் கண்ணுக்குக் கீழே விழுந்த தழும்பு, இடுப்புக் குழந்தையை மர நிழலில் போட்டுவிட்டு ஓடியது, கூலிக் கணக்கில் நடந்த ஏமாற்று, எல்லாம் அவர் சொன்னது. வரிசையைக்கூட அவர் சொன்னபடியேதான் வைத்திருந்தேன். நல்லா இருக்கு என்று நாலைந்து தோழர்கள் கடிதம் எழுதினார்கள். இதழை எடுத்துப் போய் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, எழுத்துத் தெரியாத அந்த மனுஷி தலைப்புக்குக் கீழே விரலை வைத்து, "இது என்னா?" என்றார்.

"எம் பேரு அத்தை."

"எல்லாம் நான் சொன்னது. மேல உம் பேரா?"

ஹோசே கோன்சாலெஸின் பெயரைத் தேடி எடுத்தவன் நான். பக்கத்தில் இருந்த கை எனக்குத் தெரியவில்லை. அனுபவம் அவருடையது, எழுத்து என்னுடையது என்று பிரித்து வைத்திருந்தேன். தலை, கை என்று பிரித்த அதே கத்திதான். பேனாவைப் பிடித்ததும் அது என் கைக்கும் வந்துவிட்டது.

அடுத்த முறை அவர் பெயரையே மேலே போடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வேணாம்டா. பேரப் போட்டா எம் மருமவளுக்கு நாளைக்கு எவன் வேல குடுப்பான்?"

சர்ரியலிஸ்டுகளுக்குக் கையெழுத்து ஒரு பெருமை. நம் ஜனங்களுக்குப் பெயர் சில நேரம் ஆபத்தும்கூட. பெயரை மறைப்பது திருட்டு என்றால், கேட்காமல் போடுவதும் இன்னொருவர் தலையில் ஆபத்தை ஏற்றுவதுதான். எது சரி என்று என் மேசையில் உட்கார்ந்து நான் தீர்மானிக்கக் கூடாது. செதுக்கிய கையிடம், பேசிய வாயிடம் போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். சாட்சியங்களை எழுதுகிற நாம் எல்லாரும் கேட்டோமா?

இந்தக் கட்டுரையிலும் அத்தையின் பெயர் இல்லை. இந்த முறை கேட்டேன். வேண்டாம் என்றுதான் சொன்னார். வேறொன்று செய்யச் சொன்னார்: "நான் அந்தக் கைக்கு வலிக்காதான்னு கேட்டேன்ல, அத மொதல்ல போடு."

போட்டிருக்கிறேன்.