கையொப்பம் சம்மதம் ஆகுமா?

எழுதிக் கொடுத்த உறுதிமொழி எழுதியவரைக் கட்டும் என்பது உலகம் ஒப்பிய நியாயம். “கையொப்பம் இட்டபின் கலங்கிப் பயன் என்ன?” என்பர் நியாயவான்கள். அந்தக் கை எந்த நிலையில் ஒப்பமிட்டது என்று கேட்பது பகுத்தறிவு. அக்கேள்வியைக் கேளாத நியாயம் வலியவன் வகுத்துக்கொண்ட வசதியேயன்றி வேறன்று.

சி.பி. முத்தம்மாவின் வாழ்வு இக்கேள்வியை நம் முன் நிறுத்துகிறது. 1924இல் குடகு நாட்டு விராசப்பேட்டையில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றவர். 1948இல் இந்திய ஆட்சிப் பணித் தேர்வுகளில் வென்று, 1949இல் அயலுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் இவரே.

வென்றவரை வரவேற்றது எது? மாலையன்று, ஒரு தாள். திருமணம் செய்துகொண்டால் பதவியிலிருந்து விலகிவிடுவேன் என்று அவரிடம் எழுதி வாங்கினர். அதே பணியில் சேர்ந்த ஆடவரிடம் அப்படி ஒரு தாள் நீட்டப்படவில்லை. ஆடவன் மணந்தால் அது இல்லறம். பெண் மணந்தால் அது பணிக்கு இடையூறு! நாட்டின் அரசியல் சட்டம் சமத்துவம் பேசத் தொடங்கிய காலத்திலேதான் இந்த விந்தை.

1961இல் அது விதியாகவே எழுதப்பட்டது. பெண் அதிகாரி மணம் புரியுமுன் அரசின் எழுத்து வழி அனுமதி பெறவேண்டும். குடும்பப் பொறுப்பு அவர் திறமையைக் குறைக்கும் என்று அரசு கருதினால், மணத்திற்குப் பின் பதவி விலகச் சொல்லலாம். மணமான பெண், இப்பணியில் அமர்த்தப்படுவதை உரிமையாகக் கேட்க முடியாது. இத்தனைக்கும், 1947இலேயே மாஸ்கோவுக்குத் தூதராகச் சென்றவர் விசயலட்சுமி பண்டிட் என்ற பெண்மணிதான். பெரிய குடும்பத்துப் பெண்ணுக்குத் திறந்த கதவு, தேர்வெழுதி வந்த பெண்ணிடம் மட்டும் உறுதிமொழி கேட்டது!

“தெரிந்துதானே ஒப்பமிட்டார்? விருப்பமில்லையேல் வேறு வேலைக்குப் போயிருக்கலாமே?” என்று வாதிடுவோர் உளர். தென்னேரியிலும் அதைச் சூழ்ந்த காஞ்சி வட்டாரத்திலும் தறியோடு வாழும் மக்களுக்கு இந்த வாதம் புதிதன்று. அடுப்பு எரிய முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அது தீரும்வரை வேறு தறிக்குப் போவதில்லை என்று கைநாட்டு வைத்த நெசவாளியும் தெரிந்துதான் வைத்தான். அதனால் அது அவன் விருப்பம் ஆகிவிடுமா? மறுத்தால் ஒருவனுக்கு ஒன்றும் குறையாது, மற்றவனுக்கு வாழ்வே போகும் என்றால், அங்கே நடப்பது ஒப்பந்தம் அன்று, பணிய வைத்தல். மறுக்கும் வலிமை இருபுறமும் உள்ள இடத்தில்தான் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

முத்தம்மா கையொப்பமிட்டார், ஆனால் தலை வணங்கவில்லை. 1970இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதரானார். தேர்வு வழிவந்த பெண்களுள் அந்நிலையை முதலில் எட்டியவர் அவரே. மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது, பெண் என்பதாலேயே தாம் ஒதுக்கப்பட்டதாக உச்சநீதிமன்றத்தின் படியேறினார். வழக்கு நடக்கையிலேயே பதவி உயர்வு வந்து சேர்ந்தது! விதிகளுள் ஒன்று 1973இலேயே நீக்கப்பட்டுவிட்டது, மற்றொன்றும் நீக்கப்படுகிறது என்று அரசுத் தரப்பு கூறியது. குறை தீர்ந்ததென வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆயினும் 1979 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அவ்விதிகளைச் சும்மா விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்கு இடையூறென்றால் ஆணின் பணிக்கும் அவ்வாறே ஆகலாமே என்று கேட்டது. பணி விதிகள் அனைத்தையும் ஆராய்ந்து பாகுபாட்டின் கறையைக் களையுமாறு அரசுக்கு அறிவுறுத்தியது.

இந்நோய் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. நாகரிகத்தின் தாயகம் எனப்பட்ட பிரிட்டன் 1946 வரை பெண்களைத் தூதுத்துறை அதிகாரிகளாக ஏற்கவேயில்லை. ஏற்றபின்னும் மணம் புரிந்தால் விலகவேண்டும் என்ற விதியை 1970களின் தொடக்கம் வரை காத்துவந்தது. பெண்ணை முக்காட்டுக்குள் வைப்பவர்கள் என்று நாம் எளிதில் ஏசும் அரபு மக்களிடமிருந்து, ஹுனைனா அல் முகைரியை ஓமன் நாடு 2005இல் அமெரிக்காவுக்குத் தூதராக அனுப்பியது. அரபு நாடுகள் அங்கே அனுப்பிய முதல் பெண் தூதர் அவர். இங்கே 2001இல் நிருபமா ராவ், செய்தியாளர் கேள்விகளுக்கு விடைசொல்லும் அயலுறவுத் துறைப் பேச்சாளரானார். அப்பொறுப்பேற்ற முதல் பெண் அவர். கணவரும் மக்களும் உடையவர். 2009இல் அத்துறையின் செயலாளராகவும் உயர்ந்தார். இல்லறம் அவர் நாவைக் கட்டிவிடவில்லை!

முத்தம்மா 1982இல் ஓய்வு பெற்றார், 2009இல் மறைந்தார். அவர் மணம் புரியவில்லை. அது அவர் உள்ளத்துக்கே உரிய செய்தி. நாம் ஆராயத் தக்கதன்று. ஆனால் அந்த முடிவின்மீது அரசு தன் நிழலை விழச் செய்ததே, அதுதான் அநீதி. விதியை அடித்துவிடலாம், அவ்விதியின் கீழ்க் கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

தோழர்களே! தென்னேரிக்கு அண்மையில் உள்ள செங்கற்பட்டிலே 1929இல் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான உரிமை வேண்டும் என்று முழங்கியது. அரசிதழில் அவ்விதி மடிந்துவிட்டது. பெண்பார்க்கும் படலத்தில் மடிந்ததா? “கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாயா?” என்று இன்றும் பெண்ணைக் கேட்கிறோம். தாள் இல்லை, முத்திரை இல்லை; கேள்வி அதே கேள்வி. வகுப்பில் முதலிடம் பெறும் மாணவிகூட, “அவர்கள் விட்டால் போவேன்” என்கிறாள். படிக்கும்போதே அவள் கையொப்பம் இட்டுவிட்டாள்!

பகுத்தறிவு பேசும் இளைஞன் தன் திருமணப் பேச்சில் அந்தக் கேள்வி எழும்போது வாய்மூடி இருப்பானேயானால், அவன் மேடையில் பேசியது எதற்கு? அதைத் தன்னிடமும் கேட்கச் சொல்லட்டும். இல்லையேல், யாரிடமும் கேட்கவிடாது தடுக்கட்டும்.