பாரியின் தேரைச் செய்தவன்

செபராங் ஜெயாவில் பல தெருக்களுக்கு மீன்களின் பெயர். தெங்கிரி, தோடாக் என்று போகும். அப்படியொரு தெருவில், சித்தப்பா வீட்டு முன்வாசலில் மூன்று வருடமாக ஒரு கார் வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எந்த வாரம் போனாலும் அதில் ஓர் உறுப்பு கூடியிருக்கும்.

சித்தப்பா பிறை தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பினாங்குப் பாலம் திறந்த 1985-ஆம் ஆண்டில்தான் முதல் புரோட்டோன் சாகாவும் வந்தது. அந்த முதல் வகை சாகாவின் 1.3 லிட்டர் இஞ்சினையும் கியர் பெட்டியையும், பழைய கார்களை அறுத்து விற்கும் பொத்தோங் கடையில் தேடிப் பிடித்தார். சட்டகம் அவரே பற்றவைத்தது. மட்கார்டு எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி வளைத்தது. முன்பக்கத்தில் ஒரு மயில்: உடம்பு மோட்டார் சைக்கிள் செயின், தோகை முழுக்கப் பழைய சிடிக்கள். வெயில் பட்டால் எதிர்வீட்டுச் சுவரெல்லாம் வானவில்.

வேலை முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"பாப்பாவ உட்கார வச்சு கருமாரியம்மன் கோயில் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன். பூசை போடணும்ல."

"வேணாம் சித்தப்பா. ஜேபிஜே பிடிச்சா வம்பு. பாப்பாவுக்கும் ரிஸ்க்."

அவர் வற்புறுத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னது சரிதான். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பதிவு இல்லாமல், சோதனை இல்லாமல், வீட்டில் செய்த வண்டியைச் சாலையில் விட முடியாது. பிறகு ஏன் அன்றிரவு தூக்கம் வரவில்லை? அதே வாரம் பசார் மாலாமுக்கு என் மகளை இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்து, அவளுக்கு ஹெல்மெட்கூட இல்லாமல், நானேதான் கூட்டிப்போனேன். அப்போது எனக்குச் சட்டமும் நினைவுக்கு வரவில்லை, ரிஸ்க்கும் நினைவுக்கு வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சிடி மயில் வைத்த காரில் என் மகள் போவதை அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள் என்ற வெட்கம். பாதுகாப்பு என்ற சொல்லை அதன்மேல் போர்த்திக்கொண்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். சரியான முடிவைத் தவறான காரணத்துக்காக எடுத்தவன், தான் சரியாக நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளலாமா?

இதே காரை வேறோர் ஊரில் வைத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1988 முதல் இப்படிப்பட்ட கலைக் கார்களுக்கு ஊர்வலமே நடத்துகிறார்கள். ஹைதராபாத்தில் சுதாகர் என்பவர் காலணி, கேமரா, பர்கர் வடிவங்களில் ஓடக்கூடிய கார்களைச் செய்து, 2010-இல் அவற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார். அங்கே என் மகளை ஏற்றச் சொன்னால் படம் எடுத்துப் போட்டிருப்பேன். ஆக, எனக்குச் சிக்கல் காரில் இல்லை. அதற்கு யாரும் இன்னும் கைதட்டவில்லை என்பதில் இருந்தது.

கைதட்டினாலும் எல்லாம் சரியாகிவிடுமா? மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் தத்தாத்ரேய லோஹார் என்பவர், மகனின் ஆசைக்காக ஏறத்தாழ 60,000 ரூபாய் செலவில் பழைய உதிரிகளைக் கொண்டு ஒரு குட்டி ஜீப் செய்தார். மோட்டார் சைக்கிள் போலக் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். 2021 டிசம்பரில் ஆனந்த் மஹிந்திரா அதைப் பார்த்துப் பாராட்டினார். விதிகளுக்குப் பொருந்தாததால் அதிகாரிகள் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள், அதற்குப் பதில் ஒரு பொலேரோ தருகிறேன் என்றார். ஜீப்பைத் தம் ஆய்வு மையத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்றும் சொன்னார். அந்த மையம் நம் செங்கல்பட்டுப் பக்கம்தான் இருக்கிறது. அடுத்த மாதமே பொலேரோ வந்துவிட்டது.

எல்லாரும் மகிழ்ந்த கதை. நானும் மகிழ்ந்தேன். ஆனால் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது வேறு. "பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான்னு ரெண்டாயிரம் வருசமா சொல்றோம். அந்தத் தேரச் செஞ்ச தச்சன் என்ன நினைச்சான்னு எவனாச்சும் கேட்டானா?"

நான் வாயடைத்துப் போனேன். கொடுப்பவனுக்குப் புகழ், பெறும் கொடிக்குப் பந்தல். செய்தவன் மட்டும் கதையில் இல்லை. அவன் செய்தது ஓடுவதற்கு. ஓடாமல் நிற்கும்போதுதான் நமக்கு அது அழகாகத் தெரிகிறது.

இருந்தாலும் தமிழுக்கு இன்னொரு தேரும் தெரியும். திருவாரூர்த் தெருவில் மனுநீதிச் சோழன் மகன் ஓட்டிய தேர். அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை, தேரிலும் குறை இல்லை. கன்று செத்துப்போனது. ஏறி உட்கார்ந்தவன் ஆபத்தை ஏற்றுக்கொண்டான் என்று வாதிடலாம். குறுக்கே வந்த கன்றை யார் கேட்டார்கள்? சாலை பொதுவிடம். என் உழைப்பும் என் கற்பனையும் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன் விலையை வழியில் போகிறவன் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்க முடியாது. சட்டம் நிற்கிற இடம் இதுதான். அது கலைக்கு எதிரி அல்ல, கன்றின் பக்கம் நிற்கிறது.

ஆனால் நான் கன்றின் பக்கம் நிற்கவில்லை. நின்றிருந்தால் அன்றே காருக்கு அடியில் குனிந்து பார்த்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து, தெரிந்த போமன் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பிரேக் எண்ணெய் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழியில் போகிறது. கம்பெனி கார்களில் இரண்டு தனித்தனி வழி உண்டு. ஒன்று கசிந்தாலும் மற்றது இரண்டு சக்கரங்களையாவது நிறுத்தும். இதில் ஓரிடத்தில் கசிந்தால் எதுவும் நிற்காது.

ஆக, நான் வேண்டாம் என்றது சரியாகிவிட்டது. ஆனால் அது என் அறிவல்ல, அதிர்ஷ்டம். காரணம் தெரியாமல் சொன்ன 'வேண்டாம்' சித்தப்பாவைக் காயப்படுத்தியது, பிரேக்கைச் சரிசெய்யவில்லை. காரணத்தோடு வந்த வார்த்தை அவரைக் காயப்படுத்தவே இல்லை. "அப்படியா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று ஸ்பேனரைத் தேடப் போனார். மூன்றாம் நாள் இரண்டு குழாய்வழி ஆகியிருந்தது. நல்ல முடிவு, கெட்ட காரணம் இரண்டுக்கும் வித்தியாசம் தத்துவத்தில் மட்டும் இல்லை. அதை எதிரில் இருப்பவர் உணர்கிறார்.

கார் இன்னும் சாலைக்குப் போகவில்லை. போகாது. தோ லாரியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோகலாமே என்றேன்.

"லாரியில ஏத்துனா அது தேர் இல்லடா, சாமான்."

போன ஞாயிறு முன்வாசலிலேயே பூசை போட்டோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கேட்டை மூடி வைத்துவிட்டுச் சித்தப்பா இஞ்சினைக் கிளப்பினார். எட்டடி முன்னால், எட்டடி பின்னால். பக்கத்தில் பாப்பா. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தேன்.