பெயர் சொல்லாத வாசகர்

சென்ற வாரம் கல்லூரி ஆசிரியர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். முகத்தில் களையே இல்லை. அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை ஒரு சஞ்சிகை திருப்பி அனுப்பிவிட்டதாம்.

"முகம் தெரியாத யாரோ படித்துவிட்டுக் குற்றம் சொல்கிறார், ஸார்! உங்கள் நாவலை இப்படித் திருத்த வந்தால் பொறுப்பீர்களா?"

"பொறுக்க மாட்டேன்" என்று உண்மையைச் சொன்னேன். பிறகு ஒரு பழைய கதையையும் சொன்னேன்.

1936-ம் வருஷம். பிரின்ஸ்டனில் இருந்த ஐன்ஸ்டீன், ரோஸன் என்பவருடன் சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இருக்க முடியாது என்று ஒரு கட்டுரை எழுதி 'பிஸிகல் ரிவ்யூ'வுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் டேட் அதை ஒரு நிபுணரிடம் காட்டினார். நிபுணரோ, பிழை இருக்கிறது என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஐன்ஸ்டீனுக்குக் கோபம் வந்தது. அச்சிடத் தந்தேனே தவிரப் பிறரிடம் காட்டச் சொல்லவில்லை என்று கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்த நிபுணர் ராபர்ட்ஸன். அவரும் பிரின்ஸ்டன்காரர்தான். வெளியூரிலிருந்து திரும்பியதும், தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல், ஐன்ஸ்டீனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் நட்பாகப் பேசிப் பிழையை விளக்கினார். 1937-ல் வேறொரு சஞ்சிகையில் கட்டுரை வந்தபோது அதன் முடிவு மாறியிருந்தது. 2015-ல் அந்த அலைகளைக் கருவிகளே பதிவு செய்துவிட்டன. ராபர்ட்ஸன் பெயர் வெளியானதோ 2005-ல். அவர் இறந்து 44 வருஷங்களுக்குப் பிறகு!

நண்பர் விடவில்லை. "இந்தப் பரிசீலனையைத் தாண்டிப் பொய்யும் அச்சேறியிருக்கிறதே?"

ஏறியிருக்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிஸத்தையும் முடிச்சுப் போட்டு 1998-ல் 'லான்ஸெட்' வெளியிட்ட கட்டுரையை விலக்கிக்கொள்ள 12 வருஷம் ஆயிற்று. பரிசீலிப்பவர் தர்க்கத்தைச் சோதிக்கலாம். எழுதியவன் மனசாட்சியைச் சோதிக்க முடியாது. ஆனால் அதனாலேயே இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் என்றல்லவா ஆகிறது? என் நாவலில் பிழை இருந்தால் வாசகருக்கு ஒரு மாலைப்பொழுது நஷ்டம். அந்தக் கட்டுரையை நம்பிய பெற்றோர்களோ குழந்தைகளுக்கு ஊசி போடாமலே விட்டார்கள்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. "மூன்றாவது பக்கத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார்.

அவர் போனபின் மேஜையைத் துழாவி ஒரு பழைய கடிதத்தை எடுத்தேன். என் நாவலொன்றில் இரண்டாம் அத்தியாயத்தில் செத்துப்போன கிழவி பத்தாம் அத்தியாயத்தில் காப்பி போடுகிறாள் என்று யாரோ எழுதியிருந்தார். கையெழுத்தில்லை. மொட்டைக் கடிதம் என்று அன்று கொதித்தேன். மறுபதிப்பில் கிழவியைத் திருத்திவிட்டேன். நன்றி சொல்லத்தான் முகவரி இல்லை.