ஆடு தின்னாத இலை

தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோரம்பள்ளம் குளத்தின் கரையில், எனக்குப் பழக்கமான விவசாயி ஒருவர் இலை உருவிக்கொண்டிருந்தார். நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரில்தான் நெய்வேலி; அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. பூ என்னவோ அழகுதான். ஆனால், நீரோட்டத்தை மறித்துக் குளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிற செடி அது.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"ஆடு தின்னாத இலை தம்பி. எருக்கு, நொச்சி, வேம்போட சேத்து இடிச்சு, கோமியத்துல ஊறப்போட்டு வடிச்சுத் தெளிச்சா பூச்சி அண்டாது."

பூச்சிக்கொல்லி என்று அவர் சொல்லவில்லை, பூச்சிவிரட்டி என்றார். எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்ய நேர்ந்த நாட்டில், அந்தச் சொல்லே எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனாலும் மனத்தில் ஒரு முள் தைத்தது. பயன்படுகிற ஒன்றை ஒழிக்க மனம் வருமா? அப்படி ஒழிப்பது நன்றி கெட்டதனம் இல்லையா? சீமைக் கருவேலத்தை அகற்றும்படி 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர் அதை எப்படிப் பகையென்று நினைப்பார்? கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாப் பக்கம் பிழைப்புக்காக வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்ற அயல் கடற்பாசி, குருசடைத் தீவருகே பவளப்பாறைகளை மூடிப் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நன்றி பெரிய குணம்தான். நம்மவர்களுக்கு அதில் சற்றுப் பெருமையும் உண்டு. ஆனால் இலையின் பயன் ஒருவருக்கு, வாய்க்கால் அடைபட்ட நஷ்டம் கடைமடைக்காரருக்கு என்றால், பயன் பெற்றவர் நன்றியைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்? அடுத்தவன் செலவில் காட்டுகிற நன்றிக்கு வேறு பெயர் உண்டு.

அவரிடமே கேட்டேன்: "செடியை அடியோட ஒழிச்சுட்டா, மருந்துக்கு எங்கே போவீங்க?"

"ஒழியட்டுமே! வேம்பும் எருக்கும் எங்கேயும் போயிடலையே. குளம் இருந்தாத்தான தம்பி வயலு?"

உருவி முடித்த தண்டுகளை அவர் தண்ணீர்ப் பக்கம் போடவில்லை. ஈர மண்ணில் ஒரு துண்டு விழுந்தாலும் வேர் பிடித்துவிடுமாம். மேட்டிலிருந்த பாறைமேல் பரப்பிக் காயவைத்தார். பேச்சு சுவாரசியத்தில் நானும் ஒரு கிளையை ஒடித்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் அதை வாய்க்காலில் எறியக் கையை ஓங்கினேன். அவர் பேசிக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டார்.