வலை கிழியவில்லை



மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்று வாரம் ஆகப்போகிறது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். எஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கிறீர்கள், பெயின்ட் அடிக்கிறீர்கள், கிழிந்த மடியைப் பொத்துகிறீர்கள். கடல் ஓய்ந்திருக்கும் இந்த நாள்களில், பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, திபேரியக் கடலோரத்தில் உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களுக்குத் தோன்றிய நற்செய்தியைக் கேட்டோம். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காத அந்த ஏழு பேரையும் படகின் வலப்பக்கம் வலை வீசச் சொல்கிறார். மீன் இருக்கும் இடத்தை ஆண்டவரே காட்டிக்கொடுக்கிறார். அதனால், மீன் கூட்டத்தைத் திரையில் காட்டும் கருவி கடவுளுக்குப் பிடிக்காதது என்று நான் ஒருநாளும் பிரசங்கம் செய்யமாட்டேன்.

நம் பாட்டன்மார் மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்துக் கட்டுமரம் விட்டார்கள். பெரிய அறிவு அது. ஆனாலும் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்த எத்தனையோ பேருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. ஒரு குரல் எட்டியிருந்தால் என் பிள்ளை திரும்பியிருப்பானே என்று இன்றும் அழுகிற தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் நின்று, பழைய காலமே நல்ல காலம் என்று யாரும் சொல்லத் துணியக்கூடாது.

ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1953இல் கொல்லத்துக்குப் பக்கத்தில், நீண்டகரைக் கடற்கரையில், நார்வே நாட்டின் உதவியோடு ஒரு திட்டம் தொடங்கியது. ஏழை மீனவனின் பாடு குறையட்டும் என்ற நல்ல மனதோடு எஞ்சின் படகைக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டில் இறாலுக்கு விலை ஏறியதும் இழுவைமடி கடலின் தரையை வாரத் தொடங்கியது. வள்ளக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் நடுக்கடலில் மோதிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் இழுவைமடி கூடாது என்று 1988இல் கேரளம் தடை போட்டது, சிறு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகுதான். அந்தப் போராட்டத்தில் குருக்களும் கன்னியர்களும் உண்ணாநோன்பு இருந்தார்கள்.

மடியை அவிழ்த்துத் தளத்தில் கொட்டும்போது என்ன விழுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறாலைப் பொறுக்கிய பிறகு மிஞ்சுகிற கழிசலில் விரல் நீளம்கூட வளராத நவரை, சங்கரா, வயிறு நிறைய முட்டையோடு நண்டு. கோழித் தீவனத்துக்குப் போகிறது அது. அடுத்த ஆண்டு யாருடைய வலைக்கு வரவேண்டிய மீன் அது, அன்பானவர்களே? அந்த ஆள் இதே கோயிலில், உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் இருக்கிறார்.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில் மனிதனின் தொழில்நுட்பத் திறமைக்காக மகிழ்கிறார். கட்டுப்பாடில்லாத மீன்பிடிப்பையும், பிடித்ததில் பெரும்பகுதியைத் தூக்கி எறிவதையும் நினைத்து வருந்துகிறார். இரண்டும் ஒரே மடலில்தான். இன்று கேட்ட நற்செய்தியை எழுதிய யோவானும் ஒன்றைக் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார்: சீடர்கள் இழுத்த 153ம் பெரிய மீன்கள். அத்தனை இருந்தும் வலை கிழியவில்லை.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். எஞ்சினுக்கு வாங்கிய கடன், டீசல் விலை, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற மகள். சின்னக் கண்ணி மடியைப் படகில் ஏற்றுகிறவர் ஆசையால் மட்டும் ஏற்றுவதில்லை. பயத்தாலும் ஏற்றுகிறார். ஆண்டவர் அந்தப் பயத்தை அறிவார். தம்மை மறுதலித்த பேதுருவைக் கரையில் கண்டதும் அவர் விசாரணை வைக்கவில்லை. கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, முதலில் சாப்பிட அழைத்தார். அவர்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். அன்பு செய்கிறாயா என்று கேட்டதும், தம் ஆடுகளைப் பேதுருவிடம் ஒப்படைத்ததும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நம்மிடமும் அவர் அப்படித்தான் நடந்துகொள்வார்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் வள்ளக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் பங்குமனையில் ஒன்றாக உட்காருவோம். மடியின் கண்ணி அளவையும், கரையிலிருந்து எவ்வளவு தூரம் வள்ளங்களுக்கு விட்டுக்கொடுப்பது என்பதையும் பேசுவோம். பெண்களும் வாருங்கள், கடன் கணக்கு உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். கூட்டத்தில் யாரும் யாருடைய பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்ட விடமாட்டேன். கடனால் மடியை மாற்ற முடியாமல் தவிப்பவர்கள் முன்னதாகவே என்னிடம் தனியே வாருங்கள். எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள்.